ஜப்பானின் பழைய அரசவையை யாரிடமிருந்து படிக்கத் தொடங்கலாம்? நான்கு பிரபுக்கள், ஓர் ஒப்பீடு

ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள், நாராவுக்கும் கியோட்டோவுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டவர்கள், சாமுராய்களுக்கு முந்தைய ஜப்பான் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பேரரசர்கள் வரிசையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பாதிப்பேர் சிறுவயதில் அரியணை ஏறி, இளமையிலேயே இறங்கிவிடுகிறார்கள். ஆட்சியை உண்மையில் நடத்தியவர்கள் அரசவைப் பிரபுக்கள். ஆகவே ஒரு பிரபுவின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதுதான் சுலபமான வழி. சரி, எந்தப் பிரபு?

பெரும்பாலும் நான்கு பெயர்கள் அடிபடுகின்றன. ஃபுஜிவாரா நோ ஃபுஹிதோ (659–720), கிபி நோ மக்கிபி (695–775), சுகவாரா நோ மிச்சிசானே (845–903), ஃபுஜிவாரா நோ மிச்சினாகா (966–1028). நான்கு பேரையும் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தவறான ஆளில் தொடங்கி, ஐம்பது பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, அந்த மனிதரின் சொந்தக் குரல் நமக்குக் கிடைக்கிறதா? கவிதையோ நாட்குறிப்போ கடிதமோ எதுவாக இருந்தாலும் சரி. மற்றவர் எழுதிய பதவிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரோடு பழக முடியாது.

இரண்டாவது, அவர் வாழ்க்கை ஆட்சி எந்திரத்தைக் காட்டுகிறதா? பதவி எப்படிக் கிடைத்தது, எப்படிப் பறிபோனது, திருமணம் எங்கே புகுந்தது, சட்டம் எங்கே நின்றது என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

மூன்றாவது, எத்தனை பெயர்களை நினைவில் சுமக்க வேண்டும்? இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதியில் விட்டவர்களில் பலர் இதனால்தான் விட்டார்கள்.

நான்காவது, புராணக்கதை எவ்வளவு மூடியிருக்கிறது? ஐந்தாவது, இன்று நேரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

இவற்றில் முதல் இரண்டுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். பயணம் போகிறவர்கள் ஐந்தாவதை மேலே கொண்டுவரலாம்.

## யாரில் தொடங்கினாலும் இருக்கும் செலவு

நடுவில் வரும் ‘நோ’ என்பதற்கு ‘உடைய’ என்று பொருள். ஃபுஜிவாரா நோ மிச்சினாகா என்றால் ஃபுஜிவாரா குலத்து மிச்சினாகா. குலப்பெயரை விட்டுவிட்டு மிச்சினாகா என்று மட்டும் சொல்வதுதான் வழக்கம். மிச்சிசானே, மிச்சினாகா இரண்டும் காதில் ஒன்றுபோல ஒலிக்கும். ஒரு நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவேறு குலத்தவர் என்பதை முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

தேதிகள் சந்திர நாட்காட்டியில் இருக்கும். மிச்சினாகா 1027-ஆம் ஆண்டின் 12-ஆம் மாதம் இறந்தார் என்று ஒரு புத்தகமும், 1028 ஜனவரியில் இறந்தார் என்று இன்னொரு புத்தகமும் சொல்லும். இரண்டும் ஒரே நாள்தான். வயதும் பிறந்தவுடனே ஒன்று என்று எண்ணப்படுவதால் ஓரிரு வயது முன்பின்னாக வரும்.

அப்புறம், தரவரிசை. இது புரியாமல் எந்தப் பிரபுவும் புரியாது. அரசவையில் மொத்தம் 30 படிகள். ஐந்தாம் தரத்தையோ அதற்கு மேலேயோ எட்டியவர்களுக்குத்தான் பிரபு என்ற மதிப்பு. முதல் தரத்தில் இருப்பவரின் தலைமகன் வயது வந்ததும் நேராக ஐந்தாம் தரத்தின் கீழ்ப்படியில் நுழைவான். அரசுத் தேர்வுகளிலேயே கடினமானதில் மிகச் சிறப்பாகத் தேறியவன் எட்டாம் தரத்தில்தான் நுழைய முடியும். படித்தவனுக்கும் பிறந்தவனுக்கும் நடுவே இந்தத் தூரத்தைச் சட்டமே போட்டு வைத்திருந்தது. கீழே வரும் நான்கு பேரில் இருவர் பிறப்பால் ஏறியவர்கள், இருவர் படிப்பால் ஏறியவர்கள்.

## ஃபுஹிதோ: அடித்தளம் போட்டவர்

காலவரிசைப்படி போக விரும்புகிறவர்கள் இவரைத்தான் எடுப்பார்கள். நியாயமான ஆசைதான். ஃபுஜிவாரா என்ற குலப்பெயரே இவருடைய அப்பா காமதாரிக்கு 669-இல், சாவதற்குச் சற்றுமுன் பேரரசர் தென்ஜி கொடுத்தது. 672-இல் உள்நாட்டுப் போர் வந்தபோது ஃபுஹிதோ சிறுவன். அவருடைய உறவினர்கள் தோற்ற பக்கத்தில் நின்றார்கள். அங்கிருந்து மேலே வந்து, 701-இல் நடைமுறைக்கு வந்த தைஹோ சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவராகி, 708-இல் வலது அமைச்சர் (இடது அமைச்சருக்கு அடுத்த உயர் பதவி) ஆனார். மேலே சொன்ன தரவரிசை விதிகளை நாட்டுக்கே நிலைநாட்டியது அந்தச் சட்டம்தான்.

சட்டத்தோடு நிற்கவில்லை. ஒரு மகள் மியாகோவைப் பேரரசர் மொன்முவுக்குக் கொடுத்தார். அவளுக்குப் பிறந்த பையன் பின்னாளில் பேரரசர் ஷோமு. இன்னொரு மகள் கோம்யோவை அதே ஷோமுவுக்குக் கட்டிவைத்தார். பேரனே மருமகனும் ஆனான். ஃபுஹிதோ இறந்து ஒன்பது வருடம் கழித்து, 729-இல், கோம்யோ பட்டத்து அரசியானாள். அரச குலத்துக்கு வெளியே பிறந்த பெண் அந்தப் பதவிக்கு வந்தது அப்போதுதான். அதை எதிர்க்கக்கூடியவராக இருந்த இளவரசர் நாகயா, அதே ஆண்டில் சதிக் குற்றம் சாட்டப்பட்டுத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இவ்வளவு இருந்தும் முதல் ஆளாக இவரைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் என்ன நினைத்தார் என்பது நமக்குத் தெரியாது. நாட்குறிப்பு இல்லை. சீன மொழியில் எழுதிய ஐந்து கவிதைகளை விட்டால், இருப்பதெல்லாம் பதவி உயர்வு, நியமனம், மரணம் என்று வரிவரியாகச் சொல்லும் அரசு வரலாற்று நூல்கள். அவருடைய வாழ்க்கையின் சாரம் அவருக்குப் பின்னால்தான் நடக்கிறது. அவருடைய நான்கு மகன்கள் நான்கு கிளைகளைத் தொடங்கி, நான்கு பேரும் 737-ஆம் ஆண்டுப் பெரியம்மையில் இறந்துபோகிறார்கள். அவரைப் படிக்கத் தொடங்கினால் மகன், பேரன், பேத்தி என்று நாற்பது வருடம் ஓடிவிடும். பெயர் சுமை அதிகம்.

ஒரு விஷயம் மட்டும் என்னை விடுவதே இல்லை. மகன் ஷோமுவைப் பெற்றதிலிருந்து மியாகோ மனச்சோர்வில் விழுந்து, அந்த மகனைப் பார்க்காமலே இருந்தாள் என்று அரசு வரலாறு பதிவு செய்கிறது. அவர்கள் சந்தித்தது 737-இல். ஷோமுவுக்கு அப்போது 36 வயது. ஃபுஹிதோவின் திட்டம் வெற்றி பெற்றதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

யாருக்கு இவர் சரியான தேர்வு? சட்டம் படித்தவர்களுக்கும் அரசு நிர்வாகத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கும். நாராவுக்கு மட்டும் போகிறவர்களும் இவரை எடுக்கலாம். குலக் கோயிலான கோஃபுகுஜி அங்கே இருக்கிறது. அவருடைய மாளிகை இருந்த இடம்தான் பின்னால் ஹொக்கேஜி என்ற பெண் துறவியர் மடம் ஆனது.

## மக்கிபி: கடல் தாண்டிப் படித்தவர்

இவருடைய குலப்பெயரைத் தமிழில் எழுதினால் ‘கி.பி.’ மாதிரியே தெரியும். குழப்பம் வேண்டாம் என்று மக்கிபி என்றே எழுதுகிறேன்.

இன்றைய ஒக்காயாமா பகுதியைச் சேர்ந்த மாகாண குடும்பம். 717-இல், 22 வயதில், தாங் சீனாவுக்கு மாணவனாகக் கப்பல் ஏறினார். கூடப் போனவர்களில் ஒருவர் அபே நோ நாகாமாரோ. அவர் சீனாவிலேயே அதிகாரியாகி, நாடு திரும்பாமலே 770-இல் சாங்கானில் இறந்தார். இன்னொருவர் கெம்போ என்ற துறவி. மியாகோவின் மனநோயைக் குணப்படுத்தியதாகச் சொல்லப்படுபவர் இவர்தான். மக்கிபி 735-இல் திரும்பி வந்தபோது 130 தொகுதி கொண்ட தாங் சடங்கு நூல், புதிய நாட்காட்டி முறை நூல்கள், நிழல் அளக்கும் இரும்புக் கோல், சுருதி பார்க்கும் செம்புக் குழல், வில், அம்பு என்று கொண்டுவந்து பேரரசரிடம் ஒப்படைத்தார். அரசு வரலாறு அந்தப் பட்டியலை அப்படியே தந்திருக்கிறது. படிக்கும்போது அந்தக் கப்பலின் அடித்தளத்தில் நிற்பது போலிருக்கும்.

இந்தியர்களுக்கு இங்கே ஓர் உண்மையான தொடர்பும் உண்டு. மக்கிபி போன அதே காலத் தூதுக்குழுக்களின் கப்பல் ஒன்றில்தான் 736-இல் போதிசேனர் என்ற இந்தியத் துறவி ஜப்பான் வந்து சேர்ந்தார். 752-இல் நாராவின் தோதாய்ஜி கோயிலில் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் அவர்தான்.

திரும்பி வந்தவர் இளவரசிக்கு ஆசிரியரானார். அந்த இளவரசி பின்னால் இருமுறை அரியணை ஏறினார். அது மக்கிபிக்கு ஏணி. ஆனால் 740-இல் ஃபுஹிதோவின் பேரன் ஹிரோத்சுகு, ‘மக்கிபியையும் கெம்போவையும் நீக்குங்கள்’ என்று கேட்டு கியூஷூ தீவில் படை திரட்டினான். கலகம் அடங்கியது, பகை அடங்கவில்லை. 750-இல் மக்கிபியைக் கியூஷூவில் ஒரு மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பித் தலைநகரை விட்டு விலக்கினார்கள். இரண்டே ஆண்டில் மறுபடியும் சீனாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள், அறுபதை நெருங்கும் வயதில். உயிரோடு திரும்பினார். 764-இல் ஃபுஹிதோவின் இன்னொரு பேரன் நாகாமாரோ (சீனாவில் தங்கிவிட்ட அபே நாகாமாரோ அல்ல, ஃபுஜிவாரா நாகாமாரோ) கலகம் செய்தபோது, எழுபதை எட்டும் இந்த முதியவர்தான் படைத்திட்டம் வகுத்து உதவினார். 766-இல் வலது அமைச்சர்.

கதையாகப் பார்த்தால் நான்கு பேரில் இவருடையதுதான் விறுவிறுப்பானது. மறைமுகச் செலவு என்னவென்றால், இங்கேயும் சொந்தக் குரல் குறைவு. 2019-இல் சீனாவில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு கல்லறைக் கல்வெட்டை எழுதியவர் இவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதுவும் வேறொருவருடைய வாழ்க்கைக் குறிப்புதான். இரண்டாவது செலவு புராணம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 12-ஆம் நூற்றாண்டு ஓவியச் சுருளில் இவர் ஒரு கோபுரத்தில் அடைபட்டு, அபே நாகாமாரோவின் ஆவி உதவியோடு சீனர்களை ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தில் வெல்கிறார். அழகான சுருள். ஆனால் கதகானா எழுத்தை உருவாக்கியவர் இவர்தான் என்பது போன்ற கதைகளும் இதே ஊற்றிலிருந்து வருகின்றன. அவற்றை நம்பிவிட வேண்டாம்.

ஜப்பானைத் தனித்தீவாகப் பார்க்காமல், சீனா, கொரியா, இந்தியா எல்லாம் சேர்ந்த பெரிய உலகத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இவரில் தொடங்கலாம். குராஷிக்கி நகரத்தில் மாபி என்ற பகுதி இவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 2018 ஜூலை வெள்ளத்தில் மூழ்கிய ஊராக அந்தப் பெயரைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

## மிச்சிசானே: ஏறிய அதே ஏணியிலிருந்து தள்ளப்பட்டவர்

என் முதல் தேர்வு இவர். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தாத்தா, அப்பா இருவரும் அரசவை அறிஞர்கள். மிச்சிசானே 11 வயதில் நிலவொளியில் மலர்ந்த பிளம் பூவைப் பற்றிச் சீன மொழியில் கவிதை எழுதினார். 870-இல் உயர் தேர்வு எழுதினார். கேள்விகள் இரண்டு: ஒன்று குலங்களின் தோற்றம் பற்றி, இன்னொன்று நிலநடுக்கம் பற்றி. அதற்கு முந்தைய ஆண்டுதான் வடகிழக்கு ஜப்பானைப் பெரும் நிலநடுக்கமும் கடல் அலையும் தாக்கியிருந்தன. தேறினார், ஆனால் நடுத்தர மதிப்பெண். 877-இல் இலக்கியப் பேராசிரியர்.

886-இல் ஷிகோகு தீவில் சனுகி மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். அவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஆனால் அங்கே எழுதிய பத்துக் கவிதைகள்தான் என்னை அவர் பக்கம் இழுத்தவை. ‘குளிர் யாருக்கு முதலில் வருகிறது?’ என்று ஒவ்வொன்றும் கேட்கிறது. வரிக்குப் பயந்து ஓடிப்போய்த் திரும்பி வந்தவனுக்கு, மனைவியை இழந்தவனுக்கு, அநாதைக்கு, அஞ்சல் குதிரைக்காரனுக்கு, கூலிப் படகோட்டிக்கு, மீனவனுக்கு, உப்பு விற்பவனுக்கு, விறகு வெட்டுபவனுக்கு. அரசவைக் கவிதை என்றால் பூவும் நிலவும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, ஓர் ஆளுநர் தன் மாகாணத்து ஏழைகளைத் தொழில்வாரியாக எண்ணிப் பார்த்தது பெரிய அதிர்ச்சி.

தலைநகரில் ஆட்சி ஃபுஜிவாரா மோத்தோத்சுனே கையில் இருந்தது. அவர் 891-இல் இறந்ததும், பேரரசர் உதா மூச்சுவிட்டார். ஃபுஜிவாராக்களுக்கு எதிர்எடையாக மிச்சிசானேவை வேகவேகமாக உயர்த்தினார். 894-இல் தாங் சீனாவுக்குத் தூதராக நியமிக்கப்பட்டபோது, அங்கே நிலைமை மோசம், பயணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று மிச்சிசானே மனு கொடுத்தார். தூதுகளை இவரே ஒழித்துக்கட்டினார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. பயணம் நடக்காமலே போயிற்று; தூதர் என்ற பட்டம் அதற்குப் பிறகும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது; 907-இல் தாங் அரசே விழுந்தது.

899-இல் இரண்டு நியமனங்கள். மோத்தோத்சுனேயின் மகன் தோக்கிஹிரா, 28 வயது, இடது அமைச்சர். மிச்சிசானே, 54 வயது, வலது அமைச்சர். அடுத்த ஆண்டு மியோஷி நோ கியோயுகி என்ற அறிஞர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். படிப்பால் அமைச்சரானவர் மக்கிபியைத் தவிர உங்களைப் போல வேறு யாரும் இல்லை, வரும் ஆண்டு கலகத்துக்குரிய ஆண்டு, போதும் என்று உணர்ந்து விலகிவிடுங்கள் என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தில் அக்கறை எவ்வளவு, மிரட்டல் எவ்வளவு என்று இன்றும் வாதிடலாம். மிச்சிசானே விலகவில்லை.

901 முதல் மாதம் 25-ஆம் நாள், அவர் கியூஷூவை நிர்வகித்த தசைஃபு அலுவலகத்துக்குப் பெயரளவு அதிகாரியாக மாற்றப்பட்டார். பேச்சில் மாற்றம், உண்மையில் நாடுகடத்தல். பேரரசர் தைகோவை இறக்கிவிட்டு, தன் மருமகனான இளவரசர் தோக்கியோவை அரியணையில் ஏற்றப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஓய்வுபெற்ற பேரரசர் உதா செய்தி கேட்டு அரண்மனைக்கு ஓடிவந்தார். வாசலில் அவரை உள்ளே விடவில்லை. இந்த ஒரு காட்சியில் எந்திரம் முழுவதும் தெரிகிறது: ஆதரவு கொடுத்த ஒருவர் போய்விட்டால், படிப்பால் வந்தவனுக்குப் பின்னால் நிற்க ஆள் கிடையாது. பெண் கொடுத்து ஏறிய குடும்பத்துக்கோ அரண்மனைக்குள்ளேயே ஆள் இருக்கிறது.

கியூஷூவில் அவர் இரண்டே வருடம் இருந்தார். அங்கே எழுதிய கவிதைகள் தனித் தொகுப்பாகக் கிடைக்கின்றன. கதவைத் தாண்டாமல் வாழ்கிறேன், அரசு மாளிகையின் ஓட்டு நிறத்தைப் பார்க்கிறேன், கன்ஸெயோன்ஜி கோயில் மணியோசையைக் கேட்கிறேன், அவ்வளவுதான் என்கிறது ஒன்று. இன்னொன்றில், ‘போன ஆண்டு இதே இரவில் செய்ரியோ மண்டபத்தில் இருந்தேன்; அன்று பேரரசர் தந்த ஆடை இங்கே இருக்கிறது; தினமும் கையில் ஏந்தி, மிச்சமிருக்கும் வாசனையை வணங்குகிறேன்’ என்கிறார். தன்னைத் தண்டித்த அதே பேரரசர் கொடுத்த ஆடை அது.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் பற்றிய கவிதை. மூன்று மாதம் செய்தியே இல்லை. பிறகு ஒரு கடிதம். மேற்கு வாசல் மரத்தை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், வடக்குப் பக்கத்து இடத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கூடவே காகிதத்தில் பொதிந்த இஞ்சி, ‘மருந்துக்கு’ என்ற குறிப்போடு. மூங்கில் கூடையில் கடற்பாசி, ‘விரத நாளுக்கு’. மனைவி மக்களின் பசியும் குளிரும் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, அதனால்தான் கவலை கூடுகிறது என்று முடிக்கிறார். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு வலது அமைச்சரின் வீட்டுக் கவலை இவ்வளவு பக்கத்தில் கேட்கிறது.

903-இல் அங்கேயே இறந்தார். அதன் பிறகு தொடங்குவதுதான் இவரைப் படிப்பதில் இருக்கும் பெரிய செலவு. 909-இல் தோக்கிஹிரா இளம் வயதில் இறந்தார். 923-இல் பட்டத்து இளவரசர் இறந்தார். அரசவை பயந்துபோய் மிச்சிசானேவுக்குப் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தது. 930-இல் அந்தச் செய்ரியோ மண்டபத்திலேயே இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள், சில மாதத்தில் பேரரசர் தைகோவும் இறந்தார். எல்லாம் மிச்சிசானேவின் ஆவியின் சீற்றம் என்று நம்பினார்கள். 947-இல் கியோட்டோவில் கித்தானோ கோயில் எழுந்தது. 993-இல், இறந்து தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு, தலைமை அமைச்சர் பட்டம் கொடுத்தார்கள். இடித்தெய்வமாக இருந்தவர் படிப்படியாகக் கல்வித் தெய்வம் ஆனார். இன்று நாடு முழுவதும் அவருக்குக் கோயில்கள் உண்டு. தேர்வுக் காலத்தில் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்தத் தெய்வம் மனிதனை முழுங்கிவிடும். அவரைத் தேடிப் பறந்துவந்த பிளம் மரம், அசையாமல் நின்ற காளை என்ற கதைகளிலேயே பல சுருக்க நூல்கள் நின்றுவிடுகின்றன. தெய்வக் கதை வரும் முன், சனுகிக் கவிதைகளையும் தசைஃபு கவிதைகளையும் மொழிபெயர்ப்பிலாவது படித்துவிடுங்கள்.

பெயர் சுமை குறைவு என்பது கூடுதல் லாபம். உதா, தைகோ, மோத்தோத்சுனே, தோக்கிஹிரா, கியோயுகி. ஐந்து பேர் போதும்.

## மிச்சினாகா: முழுநிலவு

சான்றுகளை மட்டும் பார்த்தால் இவரை யாரும் நெருங்க முடியாது. அவரே கைப்பட எழுதிய நாட்குறிப்பில் 14 தொகுதிகள் கியோட்டோவில் யோமெய் பூங்கோ நூலகத்தில் இருக்கின்றன. 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அன்றன்றைய நாள்பலன் அச்சிட்டது போல வரிசையாக எழுதிய நாட்காட்டிச் சுருளில், இடையே விட்ட வெற்றிடத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். அடித்தல் திருத்தல், எழுத்துப் பிழை எல்லாம் உண்டு. 1010-ஆம் ஆண்டுச் சுருளில், இதை யாருக்கும் காட்டாமல் சீக்கிரம் அழித்துவிட வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் ஐந்தாவது மகன். அதிகாரத்தில் இருந்த அண்ணன்கள் இருவர் 995-இல் நோயில் இறந்ததால் வழி திறந்தது. எதிரே நின்றவர் அண்ணன் மகன் கொரேச்சிகா. அடுத்த ஆண்டே, ஓய்வுபெற்ற பேரரசர் மீது அம்பு விட்ட வழக்கில் கொரேச்சிகா தலைநகரிலிருந்து விரட்டப்பட்டார். அனுப்பிய இடம் தசைஃபு. மிச்சிசானேவுக்குக் கொடுத்த அதே பதவிப் பெயர். ஆனால் இவர் ஃபுஜிவாரா. மறு ஆண்டே திரும்ப அழைக்கப்பட்டார். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள மிச்சிசானேவை முதலில் படித்திருக்க வேண்டும்.

பிறகு மகள்கள். ஷோஷியை 999-இல் அரண்மனைக்கு அனுப்பினார். அவளுக்குத் துணையாக, ‘கெஞ்சியின் கதை’ எழுதிய முராசாகி ஷிகிபு போன்ற எழுத்தாளப் பெண்களைச் சேர்த்தார். 1008-இல் பேரன் பிறந்தான். அந்தக் குழந்தை மடியில் சிறுநீர் கழித்ததும் மிச்சினாகா மகிழ்ந்துபோய் ஆடையை நெருப்பில் காய வைத்ததை முராசாகியின் நாட்குறிப்பு சொல்கிறது. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை, ஆனால் அந்தக் குழந்தைதான் அவருடைய அதிகாரமும். 1016-இல் பேரன் அரியணை ஏற, தாத்தா ஆட்சிப் பொறுப்பாளர் ஆனார். கண்நோயால் தவித்த பேரரசர் சன்ஜோவை இறங்கச் சொல்லி நெருக்கியபிறகுதான் அது நடந்தது.

1018-இல் மூன்றாவது மகளும் அரசியானபோது, இந்த உலகம் என் உலகம், குறையே இல்லாத முழுநிலவு போல என்று விருந்தில் பாடினார். இந்தக் கவிதை அவருடைய நாட்குறிப்பில் இல்லை. கவிதை படித்தேன், எல்லாரும் பாடினார்கள் என்று மட்டும் இருக்கிறது. வரிகளை எழுதி வைத்தவர் சனேசுகே என்ற இன்னொரு ஃபுஜிவாரா. பதில் கவிதை சொல்லச் சொன்னபோது, இதற்கு ஈடு கிடையாது, எல்லாரும் சேர்ந்து பாடுவோம் என்று நழுவியவரும் அவர்தான்.

மறைமுகச் செலவு இங்கே அதிகம். எல்லாருமே ஃபுஜிவாரா. அண்ணன், தம்பி, மருமகன், சம்பந்தி எல்லாரையும் குலமரம் வரைந்துகொண்டுதான் படிக்க வேண்டும். அரண்மனைப் பெண்களின் இலக்கியம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், அரசியல் பின்னால் நின்றுவிடும். மிக முக்கியமாக, எந்திரம் சீராக ஓடும்போது அதன் பற்கள் கண்ணில் படாது. அவர் ஏன் வென்றார் என்பது இயல்பானதாகத் தோன்றிவிடும். 1025-இலிருந்து 1027-க்குள் மூன்று மகள்கள் அவர் கண்முன்னே இறந்தார்கள். 1068-இல், ஃபுஜிவாராத் தாய்க்குப் பிறக்காத ஒருவர் பேரரசரானார். எல்லாம் பெண் குழந்தைகள் பிறப்பதையும் பேரன்கள் பிறப்பதையும் நம்பி நின்ற ஆட்சி என்பது அப்போதுதான் வெளியே தெரிகிறது.

அவர் கட்டிய பெரும் கோயில் ஹோஜோஜி இன்று இல்லை. நேரில் பார்க்க விரும்பினால் மகன் யோரிமிச்சி உஜியில் விட்டுச்சென்ற பியோதோயின் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | ஃபுஹிதோ | மக்கிபி | மிச்சிசானே | மிச்சினாகா |
|---|---|---|---|---|
| ஏறிய வழி | குலம், சட்டம், மகள்கள் | படிப்பு, சீனப் பயணம் | படிப்பு, பேரரசரின் ஆதரவு | குலம், மகள்கள் |
| உச்சப் பதவி | வலது அமைச்சர், 708 | வலது அமைச்சர், 766 | வலது அமைச்சர், 899 | ஆட்சிப் பொறுப்பாளர், 1016 |
| சொந்தக் குரல் | இல்லை என்றே சொல்லலாம் | மிகக் குறைவு | நிறைய, கவிதைகளில் | நிறைய, நாட்குறிப்பில் |
| பெயர் சுமை | அதிகம் | நடுத்தரம் | குறைவு | மிக அதிகம் |
| புராண மூடல் | குறைவு | அதிகம் | மிக அதிகம் | குறைவு |
| பார்க்க வேண்டிய ஊர் | நாரா | குராஷிக்கி | தசைஃபு, கியோட்டோ | உஜி, கியோட்டோ |

## எந்தச் சூழலில் யார்

முராசாகி ஷிகிபுவை ஏற்கனவே படித்து ரசித்தவர் என்றால் யோசிக்காமல் மிச்சினாகாவிடம் போங்கள். பாதிப் பெயர்கள் உங்களுக்குப் பழக்கமாகிவிட்டன, செலவு பாதியாகக் குறைந்துவிடும். பட்டுப்பாதை, பௌத்தம், கடல்வழி என்று ஏற்கனவே ஆர்வம் இருந்தால் மக்கிபி. சட்டமும் நிர்வாகமும்தான் பிடிக்கும், மனிதர் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றால் ஃபுஹிதோ.

மற்ற எல்லாருக்கும் மிச்சிசானே. அவரிடமிருந்து எந்தப் பக்கமும் போகலாம். கியோயுகியின் கடிதத்தில் மக்கிபியின் பெயர் வருகிறது, பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றும். அவரைத் தள்ளிய குலம் எப்படி உருவானது என்று கேட்டால் ஃபுஹிதோ வருவார். அந்தக் குலம் எங்கே போய் முடிந்தது என்று கேட்டால் மிச்சினாகா. வரிசை கேட்டால் நான் சொல்வது இதுதான்: மிச்சிசானே, மிச்சினாகா, மக்கிபி, கடைசியாக ஃபுஹிதோ. முதலில் பிறந்தவரைக் கடைசியில் படிக்கச் சொல்வது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அவர் போட்ட அடித்தளத்தின் மேல் என்னென்ன எழுந்தது என்று தெரிந்தபிறகு பார்த்தால்தான், பெரும்பாலும் பதவிப் பட்டியலாகவே இருக்கும் அந்த வாழ்க்கை பேசத் தொடங்குகிறது.

பயணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஃபுக்குவோக்காவிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய தசைஃபுவைத் தேர்ந்தெடுங்கள். ஹிரோத்சுகு கலகம் தொடங்கியபோது அங்கேதான் அதிகாரியாக இருந்தான். சீனாவிலிருந்து இரண்டாவது முறை திரும்பிய மக்கிபியும் அந்த அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். கெம்போ கன்ஸெயோன்ஜிக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். கொரேச்சிகாவை விரட்டியதும் அங்கேதான். கூட்டம் எல்லாம் மிச்சிசானேயின் கல்லறை மேல் எழுந்த தென்மங்கூ கோயிலில் இருக்கும். அதை முடித்துவிட்டு, பழைய அரசு மாளிகை இருந்த திடலுக்கும் போய்வாருங்கள். ஓடுகள் போய்விட்டன, தூண்களின் அடிக்கற்கள் மட்டும் புல்லில் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து கன்ஸெயோன்ஜிக்கு நடந்தே போகலாம். ஜப்பானின் மிகப் பழைய மணிகளில் ஒன்றான அந்த மணி இன்னமும் அங்கே தொங்குகிறது.